தில்லி எம்.எல்.ஏ.வின் 58

குடியரசுத் தலைவர் தேர்தலில் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவர் போடும் வாக்கின் மதிப்பு 208. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176. தில்லி எம்.எல்.ஏ.வுக்கு 58. சிறிய இடம், அதனால் சிறிய எண் என்று பலரும் இதைப் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். ஆனால் தில்லி சிறிய இடமல்ல. 2011 கணக்கெடுப்பில் அங்கே 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். அந்த மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால் தில்லி எம்.எல்.ஏ.வின் வாக்கு 240 ஆக இருக்க வேண்டும். 58க்கும் 240க்கும் இடையில் ஒரு வரலாறு இருக்கிறது. தவறு என்று சொல்லத்தக்க ஒன்றும் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் நேரடி அதிகாரத்துக்கு மிக நெருக்கமாக வாழும் மக்களுக்கு, அவரைத் தேர்ந்தெடுப்பதில் மிகக் குறைந்த எடை தரப்பட்டிருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டுக்குப் பெரிய இழப்பில்லாமலே திருத்த முடியும்.

முதலில் கணக்கு. அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு இடமில்லை. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் அந்த மாநில எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு கிடைக்கும். நாட்டிலுள்ள எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் எம்.பி. வாக்கின் மதிப்பு. 2022இல் அது 700. தட்டின் ஒரு பக்கம் நாடாளுமன்றம், மறுபக்கம் மாநிலங்கள். இரண்டும் ஏறத்தாழ சமம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஆனால் இந்தக் கணக்கில் வரும் மக்கள்தொகை இன்றைய மக்கள்தொகை அல்ல, 1971ஆம் ஆண்டினுடையது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சிறப்பாக நடத்திய மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கை இழந்துவிடக் கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தம் அந்த எண்ணை உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைவை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை நீட்டித்தது.

இந்தத் தேர்தல் தில்லியில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் பச்சைச் சீட்டில் வாக்களிப்பார்கள். அதே நாளில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சிவில் லைன்ஸ் பகுதியில் 1912இல் எழுந்த பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில் எம்.எல்.ஏ.க்கள் இளஞ்சிவப்புச் சீட்டில் வாக்களிப்பார்கள். மின்னணு இயந்திரம் கிடையாது. விருப்ப வரிசைப்படி 1, 2 என்று எண்களை எழுத வேண்டும், அதுவும் தேர்தல் ஆணையம் தரும் பேனாவால் மட்டும். சென்னையிலிருந்தும் ஐஸ்வாலிலிருந்தும் வாக்குப்பெட்டிகள் விமானத்தில் தனி இருக்கையில் தலைநகருக்கு வரும். தில்லியின் பெட்டி ஊருக்குள்ளேயே கொஞ்ச தூரம் போனால் போதும். வாக்கு ரகசியமானது, கட்சிக் கொறடா கட்டளையிட முடியாது, மாற்றிப் போட்டவர் மீது கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நடப்பதுபோல, அதிக வாக்கு வாங்கியவர் மாநிலம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போவதும் இங்கே இல்லை. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் வாக்கும் தனித்தனியே எண்ணப்படும். 2017இல் தில்லியிலிருந்து மீரா குமாருக்கு 55 வாக்குகளும் ராம்நாத் கோவிந்துக்கு 6 வாக்குகளும் விழுந்தன. 6 செல்லாமல் போயின. அன்று பாஜகவுக்கு அந்த அவையில் நான்கே உறுப்பினர்கள். மீதி இரண்டு வாக்குகளைப் போட்டவர்களை யாரும் தண்டித்திருக்க முடியாது.

58 என்ற எண் என்ன செய்கிறது என்பதை 2022ஆம் ஆண்டின் நிலவரம் நன்றாகக் காட்டும். அப்போது தில்லிச் சட்டமன்றத்தின் 70 இடங்களில் 62 ஆம் ஆத்மி கட்சியிடம், 8 பாஜகவிடம். மக்களவையின் ஏழு இடங்களும் பாஜகவுக்கு, மாநிலங்களவையின் மூன்றும் ஆம் ஆத்மிக்கு. ஆம் ஆத்மி எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் யஷ்வந்த் சின்ஹாவை ஆதரித்தது. கட்சி பலத்தை மட்டும் வைத்துப் போட்டால் அந்த 62 எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பு 3,596. பாஜகவின் ஏழு எம்.பி.க்களுடையது 4,900. சட்டமன்றத்தை முழுக்க வாரிக் கொடுத்த ஒரு தீர்ப்பு, ஏழு எம்.பி.க்கள் முன்னால் சிறுத்துப்போகிறது. தமிழ்நாட்டில் இப்படி நடக்காது. இங்கே 234 எம்.எல்.ஏ.க்களின் மதிப்பு 41,184. மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் உள்ள 57 எம்.பி.க்களின் மதிப்பு 39,900. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் சமமாக நிற்க வேண்டும் என்ற கொள்கை தமிழ்நாட்டில் காப்பாற்றப்படுகிறது. தில்லியில் எம்.பி.க்களுக்கு 7,000, எம்.எல்.ஏ.க்களுக்கு 4,060. மாநிலத்தின் குரல் என்று அரசமைப்பு எதை நினைத்ததோ, அதுதான் தில்லியில் மெலிந்திருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? தில்லிக்கு 1952இல் ஒரு சட்டமன்றம் இருந்தது. 1956இல் மாநிலச் சீரமைப்போடு அது கலைந்தது. 1966இல் கிடைத்தது சட்டம் இயற்றும் அதிகாரமில்லாத ஒரு பெருநகர மன்றம் மட்டுமே. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்களிலேயே மிகக் கடுமையான போட்டி 1969இல் நடந்தது. காமராஜர் உள்ளிட்ட தலைவர்கள் நிறுத்திய நீலம் சஞ்சீவ ரெட்டியை, இந்திரா காந்தியின் ஆதரவோடு வி.வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளால் வென்றார். நாடே பிளந்து நின்ற அந்தப் போட்டியில் வாக்களிக்கத் தில்லிக்கு எம்.எல்.ஏ.க்களே இல்லை. 69ஆவது திருத்தம் சட்டமன்றத்தைத் திருப்பித் தந்தது, 1993இல் தேர்தல் நடந்தது. 70ஆவது திருத்தம் 54ஆவது பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, ‘மாநிலம்’ என்ற சொல் தில்லியையும் புதுச்சேரியையும் உள்ளடக்கும் என்றது. அந்த விளக்கம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. கே.ஆர். நாராயணனும் டி.என். சேஷனும் போட்டியிட்ட 1997 தேர்தலில்தான் தில்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்கள் முதன்முதலாக இந்த ஏற்பாட்டின்கீழ் வாக்களித்தார்கள். 1963 முதல் சட்டமன்றம் வைத்திருந்த புதுச்சேரி அதற்காக 34 ஆண்டுகள் காத்திருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கோணல் அந்த நுழைவிலேயே இருக்கிறது. தில்லி உள்ளே வந்தபோது 1991 கணக்கெடுப்பு கையில் இருந்தது. அதன்படி மக்கள்தொகை 94 லட்சத்து 20 ஆயிரம். ஆனால் வாக்கு மதிப்புக்கு எடுத்துக்கொண்டதோ 1971இன் 40 லட்சத்து 65 ஆயிரம். உரிமை கிடைத்த முதல் நாளிலேயே பாதிக்கும் மேற்பட்ட மக்கள் கணக்கில் இல்லை. 1976இல் உறைவை ஏற்றுக்கொண்டபோது மற்ற மாநிலங்கள் மேசையில் இருந்தன. வாக்கு மதிப்புக் கணக்கைச் சொல்லும் 55ஆவது பிரிவைத் திருத்தக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும் என்பதால் அவற்றின் குரலுக்கு இடம் இருந்தது. தில்லிக்கு அப்போது சட்டமன்றம் இல்லை. தான் பங்கேற்காத ஒப்பந்தத்தின் விலையை அது செலுத்திக்கொண்டிருக்கிறது. இன்று 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் சுமார் 1,750 பேருக்கு ஒரு வாக்கு என்ற விகிதம் வருகிறது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 2,380 பேருக்கு ஒன்று. தில்லியில் சுமார் 4,130 பேருக்கு ஒன்று.

குடியரசுத் தலைவர் பதவி பெயரளவுதானே, எடை கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்டால் அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். தில்லியில் பொருந்தாது. அங்கே துணைநிலை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பெயரில் ஆள்கிறார். காவல்துறை, பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் சட்டமன்றத்தின் கைக்கு வராதவை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் தகுதியிழப்பை ஆளுநர் தீர்மானிக்கிறார், தில்லி எம்.எல்.ஏ.வின் தகுதியிழப்பு குடியரசுத் தலைவரின் மேசைக்கே போகிறது. நாடாளுமன்றச் செயலாளர் பதவிகளைக் காப்பாற்றத் தில்லி கொண்டுவந்த மசோதாவுக்கு 2016இல் பிரணாப் முகர்ஜி ஒப்புதல் மறுத்தார். 2018 ஜனவரியில், அந்தப் பதவிகளை வகித்ததற்காக 20 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கும் ஆணையில் ராம்நாத் கோவிந்த் கையெழுத்திட்டார். மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து விவகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. குடியரசுத் தலைவர் தேர்தல் ஆணையத்தின் கருத்துக்கும் அமைச்சரவையின் ஆலோசனைக்கும் கட்டுப்பட்டவர் என்பது உண்மைதான். ஆயினும் ஆணை அவர் பெயரில் வருகிறது, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த ஊருக்கும் உரிய பங்கு இருந்தால்தான் ஆணைக்கு அங்கே மதிப்பு.

4,060 எந்த முடிவையும் மாற்றாது என்ற வாதமும் உண்டு. 2022இன் மொத்த மதிப்பு 10,86,431. திரௌபதி முர்மு 6,76,803 பெற்று வென்றார். அந்தக் கடலில் இது துளி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1969இல் கிரிக்கும் ரெட்டிக்கும் இடையிலான இறுதி வித்தியாசம் 14,650 மட்டுமே. அப்படியொரு நாள் மறுபடி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. தில்லிக்கென அமைந்த 239ஏஏ பிரிவின் கீழ் தில்லி அரசின் அதிகாரங்களை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றியமைத்துவிடுகிறது. 2021இலும் 2023இலும் அதுதான் நடந்தது. அதிகாரிகள் மீதான கட்டுப்பாடு தில்லி அரசுக்கே என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சில மாதங்களில் அது சட்டத்தின் மூலம் பறிபோனது. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை அப்படித் தொட முடியாது. அதற்கு அரசமைப்புத் திருத்தமும் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். தில்லிச் சட்டமன்றம் மற்ற மாநிலங்களோடு தோளோடு தோள் நிற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

தலைநகரம் மாநிலமல்ல, அதற்கு இதுவே அதிகம் என்பார் சிலர். அமெரிக்காவும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னது. 1961இல் 23ஆவது திருத்தம் வந்த பிறகே வாஷிங்டன் மக்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது, அதுவும் மிகச் சிறிய மாநிலத்துக்கு இருப்பதைவிடக் கூடாது என்ற உச்சவரம்போடு. நம் அரசமைப்பு அத்தகைய வரம்பு எதையும் வைக்கவில்லை. 54, 55 இரண்டு பிரிவுகளுக்கும் தில்லி மாநிலமே என்று எழுதிவைத்திருக்கிறது. எழுதியபடி நடத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தமிழ் வாசகர்களுக்கு எழும் உண்மையான அச்சம் வேறு. தில்லிக்காக 1971 உறைவைத் தொட்டால் நாளை தமிழ்நாட்டுக்கும் அதே கத்தி வருமே? அந்த அச்சம் நியாயமானது. எல்லா மாநிலங்களுக்கும் 2011 எண்களைப் போட்டால், எம்.எல்.ஏ. வாக்குகளின் மொத்த மதிப்பில் தமிழ்நாட்டின் பங்கு ஏழரை விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய ஆறுக்கு இறங்கும். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தில்லியின் வளர்ச்சி அதிகப் பிள்ளைப்பேற்றால் வந்ததல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, தில்லியில் 1.6. தில்லி பெருகியதற்குப் பெருங்காரணம், பிழைப்புத் தேடி நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள். கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய தமிழர்களும் அவர்களில் அடக்கம். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பரிசாக வந்த விதி, நம்மைவிடக் குறைவாகப் பிள்ளை பெறும் ஊரைத் தண்டிக்கிறது. ஆகவே உறைவை உடைக்காமல், நுழைவுத் தவறை மட்டும் சரிசெய்யலாம். 1995இல் உள்ளே வந்த இரண்டு ஒன்றியப் பகுதிகளுக்கும் அன்று கையிலிருந்த 1991 மக்கள்தொகையை அடிப்படையாக்கினால் தில்லி எம்.எல்.ஏ.வின் வாக்கு 135 ஆகும், புதுச்சேரி எம்.எல்.ஏ.வுடையது 16இலிருந்து 27 ஆகும். தமிழ்நாட்டின் 176 அப்படியே இருக்கும். மொத்தத்தில் அதன் பங்கு 7.58 விழுக்காட்டிலிருந்து 7.50 ஆகும், அவ்வளவுதான்.

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. அதன் விவரங்கள் வெளியானதும் 1971இன் உறைவு தானாகவே காலாவதியாகும். அப்போது எல்லா மாநிலங்களின் எண்களும் ஒரே மூச்சில் மாறும். தமிழ்நாடு தன் பங்கைக் காக்க வாதாட வேண்டிவரும். பிள்ளைப்பேற்றால் வரும் வளர்ச்சியும் குடிபெயர்வால் வரும் வளர்ச்சியும் ஒன்றல்ல என்ற வாதத்தை அன்று நாம் எடுத்துவைக்க வேண்டுமென்றால், இன்று தில்லிக்காக அதைச் சொல்லியிருக்க வேண்டும். புதுச்சேரித் தமிழர்களுக்கும் அதில் பயன் உண்டு. 55ஆவது பிரிவைத் திருத்த மாநிலங்களின் ஒப்புதல் தேவை; அந்தத் தீர்மானத்தை முதலில் நிறைவேற்றும் சட்டமன்றமாகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருக்கட்டும்.