கார் சுழலுது, சுவர் கிட்ட வருது... அந்த 3 விநாடியில் கை எங்கே இருக்கணும்?

2025 ஜனவரி 7. துபாய் ஆட்டோட்ரோம். 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் இருந்த அஜித் குமாரின் போர்ஷே கார், தடுப்பில் மோதி பலமுறை சுழன்று நின்றது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அணித் தரப்பில் சொல்லப்பட்டது. அவர் காயமின்றி இறங்கி நடந்துபோன அந்த வீடியோவை தமிழ்நாட்டில் பார்க்காத போன் இருக்காது. சில நாள்களிலேயே அவரது அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது, அவர் தேசியக் கொடியோடு ஓடியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

சிதம்பரத்தில் இருந்து வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன், அந்த வீடியோவை எனக்கு இப்போது மறுபடியும் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "மச்சி, அந்த நேரத்துல கை எங்க இருக்கணும்?" சும்மா கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்த ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டு 'ட்ராக் டே' போக பணம் கட்டிவிட்டான்.

கேள்வி சின்னதுதான். ஆனால் பதில், அவன் எந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்து தலைகீழாக மாறும். அதற்கு அப்புறம் வருவோம்.

அமெச்சூர்னா யார்?

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, நீண்ட தூர ரேஸ்களில் ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரிக்கிறது. அமெச்சூர்கள் வெண்கலம். ஒலிம்பிக் மாதிரி ஜெயித்தால் கிடைப்பதல்ல. ரேஸிங் முழுநேரத் தொழில் இல்லை என்பதற்கான அடையாளம். நம்மூரில் எஃப்எம்எஸ்சிஐ கொடுக்கும் உரிமம் வாங்கி வார இறுதியில் ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். என் நண்பன் மாதிரி போட்டியே இல்லாமல், டிராக்கில் வேகமாக ஓட்டிப்பார்க்க மட்டும் போகிறவர்கள் இன்னொரு ரகம்.

சுவருக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. அனுபவமும் முழுக் கவசம் இல்லை. 2023 ஜனவரி 8 அன்று இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசிய சாம்பியன்ஷிப் ரேஸின்போது மூத்த வீரர் கே.இ. குமாரின் கார் இன்னொரு காருடன் உரசி, டிராக்கை விட்டு விலகிக் கவிழ்ந்தது. பல ஆண்டுகள் ரேஸ் ஓட்டிய அவர் அன்று உயிரிழந்தார். வயது 59.

சுழல ஆரம்பிச்சா, ரெண்டு காலும் உள்ளே

கார் வால் வீசத் தொடங்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி மீட்கப் பார்ப்பது சரி. ஆனால் அது ஒருமுறைதான் பலிக்கும். மீட்க முடியாது என்று தெரிந்ததும் கிளட்ச், பிரேக் இரண்டையும் ஒன்றாக முழுசாக மிதிக்க வேண்டும். ரேஸிங் பள்ளிகளில் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று.

ஏன்? உருளும் சக்கரத்துக்குத்தான் பிடிமானமும் திசையும் உண்டு. சறுக்கும் காரில் பிரேக்கை பாதியில் விட்டால், சக்கரம் திடீரென உருண்டு, பிடிமானம் கிடைத்து, அந்த நொடி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் கார் பாயும். பெரும்பாலும் டிராக்கின் குறுக்கே, பின்னால் வருபவரின் மூக்குக்கு முன்னால். பிரேக்கை விடாமல் மிதித்திருந்தால், கார் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே சறுக்கும். பின்னால் வருபவர் அதைக் கணித்து ஒதுங்கிவிடலாம். அதாவது இந்த பிரேக் உங்களுக்காக மட்டும் இல்லை.

கிளட்ச் எதற்கு என்றால், இன்ஜின் அணையாமல் இருக்க. ஆபத்தான இடத்தில் நின்றுவிட்டால், உடனே நகர வேண்டியிருக்குமே.

கை: இங்கேதான் குழப்பம்

முன்சக்கரம் சுவரில் இடிக்கும்போது, அந்த அடி சக்கரத்தோடு நிற்காது. ஸ்டீயரிங் இணைப்புகள் வழியாக ஏறி, கையில் பிடித்திருக்கும் வளையத்தைச் சாட்டை மாதிரி திருப்பும். கட்டைவிரலை வளையத்துக்குள் கோத்துப் பிடித்திருந்தால் விரலோ மணிக்கட்டோ போச்சு. அதனால்தான் ஃபார்முலா கார் ஓட்டுபவர்கள் மோதலுக்குச் சற்று முன்பு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு கைகளை மார்போடு குறுக்கே கட்டிக்கொள்வார்கள். அடுத்த முறை எஃப்1 விபத்தின் உள்கேமரா காட்சி வந்தால் கையை மட்டும் பாருங்கள்.

மேலே கூரை உள்ள ரேஸ் காரில் கை வெளியே வீசப்படுவது கூடுதல் ஆபத்து. அதற்காகத்தான் ஜன்னலில் வலை. கவிழும்போது பயத்தில் கூரைக் கம்பியைப் பிடிக்கவே கூடாது. நசுங்குவது அந்த விரல்கள்தான்.

இப்போ என் நண்பனின் ஹேட்ச்பேக். அதில் ஏர்பேக் இருக்கிறது. மார்பில் கைகட்டி உட்கார்ந்தால், கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் ஏர்பேக் அந்தக் கைகளையே தூக்கி முகத்தில் அடிக்கும். ஆகவே ஏர்பேக் உள்ள காரில் கை ஸ்டீயரிங்கின் இரு ஓரத்திலும், கடிகாரத்தில் 9, 3 மணி இருக்கும் இடங்களில் இருக்கட்டும். கட்டைவிரல் மட்டும் உள்ளே கோக்காமல் வளையத்தின் மேல் படிந்திருக்கட்டும். எஃப்1 வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதை அப்படியே மாருதியில் செய்யாதீர்கள் என்பதுதான் அவனுக்கு நான் அனுப்பிய பதில்.

கழுத்து

உடலை பெல்ட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட் போட்ட தலையை யார் பிடிப்பது? 2001 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்காவின் டேடோனா ரேஸின் கடைசி சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதினார். டிவியில் பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லை. மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிந்து அவர் இறந்தார். அந்த ஆண்டே நாஸ்கார் தலை-கழுத்துப் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003-ல் எஃப்1-லும் 'ஹான்ஸ்' கட்டாயமானது. தோளில் அமரும் ஒரு பட்டை, ஹெல்மெட்டோடு இரண்டு வார்கள், அவ்வளவுதான். போட்டிக்குப் போகிறவர்கள் புது அலாய் வீலுக்கு முன்னால் இதை வாங்கலாம்.

மோதல் உறுதி என்றானதும் தலையை சீட்டின் பின்பக்கம் அழுத்துங்கள், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் சுவரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். திருகிய கழுத்து நேரான கழுத்தைவிட எளிதில் அடிபடும்.

நின்னாச்சு. இறங்கலாமா?

கூடாது. தீ இல்லையென்றால் பெல்ட்டைக்கூட கழற்றக் கூடாது.

இதை ஏற்றுக்கொள்ள மனசு வராது என்று தெரியும். 2014 ஆகஸ்ட் 9, நியூயார்க் மாகாணத்தில் ஒரு ஸ்பிரின்ட் கார் ரேஸ். 20 வயது கெவின் வார்ட் ஜூனியரின் கார் சுவரில் முட்டி நின்றது. அவர் கோபத்தில் இறங்கி டிராக்கில் நடந்தார். தன்னை இடித்ததாக அவர் நினைத்த டோனி ஸ்டூவர்ட்டின் கார் அடுத்த சுற்றில் வந்தபோது, அதில் அடிபட்டு இறந்தார். விபத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை; இறங்கியதில்தான் உயிர் போனது. ஒரு வாரத்துக்குள் நாஸ்கார், பாதுகாப்பு ஊழியர்கள் சொல்லும்வரை இறங்கக் கூடாது என்று விதி போட்டது.

செய்ய வேண்டியது: இன்ஜினை அணையுங்கள். ரேஸ் கார் என்றால் மெயின் சுவிட்சையும் அணையுங்கள் (நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர் ஒட்டிய இடம். அடிபட்ட பிறகு தேடாதீர்கள், ஏறும் முன்பே பார்த்து வையுங்கள்). மார்ஷல்களுக்குக் கட்டைவிரலைக் காட்டுங்கள். அந்தச் சைகை வராவிட்டால் அவர்கள் உங்களுக்கு நினைவில்லை என்று நினைத்துத்தான் ஓடிவருவார்கள். அவர்கள் சொன்னதும் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். செல்ஃபி அங்கே போய்.

பிறகு டாக்டர். "நல்லாத்தான் இருக்கேன்" என்பதை நம்பாதீர்கள். தலையில் அடிபட்டவருக்கு தன் நிலைமை சரியாகத் தெரியாது என்பதுதான் அந்த அடியின் குணமே.

தீ என்றால் மட்டும்

மேலே சொன்னதெல்லாம் ரத்து. முதலில் பெல்ட், கழற்றக்கூடிய ஸ்டீயரிங் என்றால் அது, அப்புறம் வெளியே. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் எரிந்தது. மோதலின் விசை 67ஜி. 70 கிலோ உடம்பு ஒரு கணம் நாலரை டன்னுக்கு மேல் கனப்பது போல. ஒரு ஷூவை உள்ளேயே விட்டுவிட்டு, அரை நிமிடத்துக்குள் தன் முயற்சியில் வெளியே வந்தார். கையில் தீக்காயம், ஆனால் உயிரோடு. எஃப்1 ஓட்டுநர்கள் 7 விநாடிக்குள் காரை விட்டு வெளியேறிக் காட்ட வேண்டும் என்பது விதி. பயிற்சி செய்த உடம்புக்குத்தான் புகையில் கை போக வேண்டிய இடம் தெரியும்.

கடலூர் ரோட்டுக்கு இது பொருந்துமா?

பாதி பொருந்தும். கடலூர் - சிதம்பரம் சாலையில், ஆலப்பாக்கம் தாண்டியோ புதுச்சத்திரம் பக்கமோ மார்கழிப் பனியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். லாரி, அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல், திடீரென்று குறுக்கே ஏறும் பைக். இங்கே ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம்; கால் அதிர்கிறதே என்று பயந்து விட்டுவிடாதீர்கள். ஹெட்ரெஸ்ட் கழுத்துக்கு அல்ல, தலையின் பின்பக்கத்துக்கு நேராக இருக்கட்டும்.

ஆனால் "இறங்காதே" என்ற விதி இங்கே கிடையாது. டிராக்கில் மஞ்சள் கொடி காட்ட ஆள் உண்டு. நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரிக்கு யாரும் கொடி காட்ட மாட்டார்கள். இறங்க முடிகிற நிலையில் இருந்தால் ஹஸார்டு விளக்கைப் போட்டுவிட்டு, வண்டி வராத பக்கமாக இறங்கி, ரோட்டை விட்டு விலகி நின்று 108-ஐ அழையுங்கள். உள்ளே அடிபட்டு இருப்பவரை மட்டும் தீ மாதிரி அவசரம் இல்லாமல் இழுக்காதீர்கள். முதுகுத் தண்டில் அடி இருந்தால் அந்த இழுப்பே போதும். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமில்லை.

இந்த ரோட்டிலேயே ஸ்பீடு டெஸ்ட் பண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல். அனுமதியின்றி பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸிங்குக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு கிடையாது. டிராக்கில் இடித்தாலும் செலவு உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். என் நண்பனுக்கு விபத்தைவிட இந்த வரிதான் அதிகம் வலித்தது.

போன ஞாயிறு, சிதம்பரத்தில் அவன் வீட்டு வாசலில் நின்ற காரில் பயிற்சி. ஹெல்மெட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இக்னிஷன் ஆஃப், பெல்ட், கதவு, வெளியே. நான் போனில் நேரம் பார்த்தேன். முதல் தடவை கதவுச் சட்டத்தில் ஹெல்மெட் இடித்து மாட்டிக்கொண்டான்: 19 விநாடி. ஏழாவது தடவை 8. எதிர் வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, வண்டிக்குள்ள பாம்பு ஏதும் பூந்துடுச்சா?"