மூடியிலேதான் பரீட்சை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி, அங்கிருந்து மாரமங்கலம் போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களை நோக்கிச் செல்கிறவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் பயிரிட்ட காலந்தொட்டுத் தோட்டங்களின் நிழலுக்காகப் பேணப்பட்டு வரும் மரங்களைக் கண்டு, தச்சுத் தொழிலுக்கு இதைக் காட்டிலும் உகந்த பூமி வேறுண்டோ என்று நினைக்கக்கூடும். மரத்துக்குக் குறைவில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் இங்கே செய்த மரப்பெட்டி மலையிறங்கிச் சேலத்து வீடொன்றில் ஒரு கோடையைக் கழித்த பிறகுதான் தச்சருடைய சாமர்த்தியம் தெரியவரும்.

மரம் வெட்டுண்ட பின்னும், காற்றின் ஈரத்தை வாங்கிப் பருப்பதும் வறட்சியில் அதை விட்டுச் சுருங்குவதுமான தன் சுபாவத்தை இழப்பதில்லை. நீளவாட்டில் இம்மாறுதல் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது, தொல்லையெல்லாம் அகலவாட்டில்தான். ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், பனிமூட்டத்துக்கிடையே இழைத்த இரண்டடி அகலப் பலகை, கீழே வந்து கால் அங்குலம் சுருங்கினாலும் வியப்பதற்கில்லை. அதை நாலு புறமும் வச்சிரம் தடவி ஆணியடித்து இறுக்கியிருந்தால், சுருங்க வழியின்றி நடுவிலே வெடித்துவிடும். ஆகையால் கைதேர்ந்தவர், நாலு சட்டங்களைத் துளையும் கழுந்துமாகப் பூட்டி, உட்புறத்தில் காடி எடுத்து, அதற்குள் பலகையை வச்சிரமில்லாமல் நுழைத்து, அது அசைவதற்குச் சிறிது இடமும் விட்டு மூடியை அமைக்கிறார்.

அடுத்தது கீல். அதன் தடிமனுக்குச் சரியாக உளியால் பள்ளம் பறிக்க வேண்டும். இரண்டு கீல்களின் அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லையேல் மூடி முனகும், பிறகு திருகாணியைப் பிடுங்கும். பித்தளைத் திருகாணி வயிரமேறிய மரத்தில் முறிந்துவிடுமென்பதால், துளையிட்டு முதலில் இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கிவிட்டு அப்புறம் பித்தளையை முடுக்குவது விவேகம். (அவசரக்காரர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும்; முறிந்த திருகாணியைத் தோண்டி எடுத்தவர்களுக்குத் தோன்றாது.) மூடி பின்னால் சாய்ந்து கீலைப் பெயர்க்காமலிருக்க ஒரு சங்கிலியும் அவசியம்.

மரம் எதுவென்றால், என் அபிப்பிராயத்தில் பலாவே சிரேஷ்டம். தஞ்சாவூர் வீணைக்கு உகந்த அம்மரம், கறையானுக்கு எளிதில் இரையாவதில்லை. இழைத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷங்கள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கனிகிறது. மிளகுக்கொடி படரும் சில்வர் ஓக்கை உள்தட்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஈட்டியின் மீது ஆசை கொள்கிறவர்கள், அம்மரத்தைக் காப்பதற்கென்றே 1994-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டதை நினைவிற்கொள்க. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டபடியால், எந்த மரமானாலும் அனுமதியோடு வெட்டப்பட்டதுதானா என்று கேட்டு வாங்குவதே முறை.

மலையில் மரம் வாங்கிச் சமவெளியில் பெட்டி வைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பலகையைக் கீழே கொண்டுவந்து, இடையிடையே சக்கை கொடுத்து நிழலில் அடுக்கி, அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஓராண்டு வீதம் காற்றில் உலரவிட்டு, அதன் பிறகே தச்சரை அழையுங்கள்.