தீப்பெட்டிக்குள் அடங்கிய கார்கள்

சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்கிவிடும் சின்னஞ்சிறு உலோகக் கார்களை, உலகின் பல நாடுகளில் பெரியவர்களும் தேடிச் சேர்க்கிறார்கள். அவற்றை அழகாகப் புகைப்படமும் எடுக்கிறார்கள். இக்கார்களில் பெயர்பெற்ற வகையொன்று, போர் முடிந்த ஊரில் கைவிடப்பட்ட கட்டிடமொன்றில் தொடங்கியது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய லெஸ்லி சிமித், றொட்னி சிமித் என்ற நண்பர்கள் 1947 இல் இலண்டனில் வார்ப்புப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். இருவரின் பெயரையும் சேர்த்து ‘லெஸ்னி’ என்று பெயரிட்டார்கள். பாழடைந்து கிடந்த ஒரு மதுச்சாலையே பட்டறையானது. ஜாக் ஓடெல் என்பவரும் அவர்களுடன் சேர்ந்தார். உருக்கிய நாகக் கலவையை உருக்கு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பதே தொழில். கொரியப் போர்க் காலத்தில், விளையாட்டுப் பொருட்களுக்கு நாகம் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. பிள்ளைகளின் கைக்கு வரவேண்டிய உலோகம் போருக்குத் தேவைப்பட்டது.

ஓடெலின் மகள் படித்த பாடசாலையில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளையே கொண்டுவரலாம் என்றொரு விதி இருந்தது. தந்தை பித்தளையில் சின்ன றோட்டு றோலர் ஒன்று செய்துகொடுத்தார். கூடப் படித்த பிள்ளைகளும் அதுபோல வேண்டுமென்று கேட்டார்கள். அதிலிருந்து பிறந்தவையே 1953 இல் வெளிவந்த ‘மச்பொக்ஸ்’ கார்கள். பின்னாளில் கிழக்கு இலண்டனிலிருந்த லெஸ்னி தொழிற்சாலையில் ஏராளமான பெண்கள் வேலை செய்தார்கள். 1982 இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது.

காருக்குள் ஒரு பாத்திரம்

கதைப் பாத்திரங்களின் கார்களுக்கே பிள்ளைகளிடம் தனி மவுசு. 1966 இல் ‘கோர்கி’ நிறுவனம் பட்மேனின் காரைச் செய்தது. உள்ளே பட்மேனும் றொபினும் இருப்பார்கள். பின்புறத்திலிருந்து சின்ன ரொக்கட்டுகள் பாயும். றூத் ஹான்ட்லர் என்ற பெண்மணி தன் கணவருடன் சேர்ந்து வளர்த்த ‘மட்டெல்’ நிறுவனம் 1968 இல் ‘ஹொட் வீல்ஸ்’ கார்களை வெளியிட்டது. பிற்காலத்தில் பாத்திரத்தையே காராக்கினார்கள். ஸ்பைடர்மேன் கார் என்றால் சிவப்பு, நீல நிறங்களும் சிலந்திவலைக் கோடுகளும் இருக்கும். 2006 இல் வந்த ‘கார்ஸ்’ திரைப்படத்தில் கார்களின் கண்கள் முன்விளக்குகளில் இல்லை, முன்கண்ணாடியில் இருந்தன. அதனால் முகம் பெரிதாகி, சிரிப்பும் கவலையும் தெளிவாகத் தெரிந்தன.

படம் எடுப்பது எப்படி?

இக்கார்களில் பல, உண்மையான காரின் 64 இல் ஒரு பங்கு அளவானவை. நாலரை மீற்றர்க் கார் ஏழு சென்ரிமீற்றராகிவிடும். மேலிருந்து படமெடுத்தால் அது விளையாட்டுப் பொருளாகவே தெரியும். கமராவை நிலத்தோடு தாழ்த்தி, காரின் கண்ணாடி மட்டத்தில் வையுங்கள். அப்போது அது தெருவில் நிற்கும் கார்போலத் தோன்றும். கடும் வெயிலில் வர்ணம் பளிச்சிட்டு விவரம் மறையும். யன்னலோர வெளிச்சம் போதும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிழல் குறையும். ஈரமணல்தான் வீதி. கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் மிக நெருங்கினால் படம் மங்கும். சற்று விலகி எடுத்துப் பின் வெட்டிக்கொள்ளலாம்.

சேகரிப்பவர்கள் காரின் அடித்தட்டையும் படமெடுத்து வைப்பார்கள். நிறுவனத்தின் பெயரும் செய்த நாடும் அதில் இருக்கும். ஹொட் வீல்ஸ் கார்களின் அடித்தட்டிலுள்ள ஆண்டு பெரும்பாலும் வடிவமைப்புக்கு உரியதே. அந்தக் கார் செய்யப்பட்ட ஆண்டு அல்ல.

இப்படிப் பதிந்து வைப்பதற்குக் காரணம் உண்டு. நாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால், காலப்போக்கில் உலோகம் வெடித்துப் பொடியாகிவிடும். பழைய கார்கள் பல இப்படி அழிந்தன. இதற்கு மருந்தில்லை; படம் மட்டுமே மிஞ்சும்.

இடம்பெயர்வில் வீட்டையும் குடும்பப் படங்களையும் இழந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளை தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும் சில்லுக் கழன்ற காரை இன்று யன்னலோரம் வைத்து ஒரு படம் எடுங்கள். அதன் பெயரென்ன, யார் ஓட்டுகிறார்கள், எங்கே போகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவன் சொல்வதைப் படத்தின் பின்புறம் எழுதி, திகதியும் இட்டு வையுங்கள்.