உங்களுக்குத் தெரியுமா? பழைய ராணுவ ரைஃபிளும் அதற்கான தோட்டாவும்

★ தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனை அறைக்குள், இறங்கி உட்கார்ந்து, போல்ட்டும் மூடிக்கொண்டால் அது அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டாதான் என்று பலர் நம்புகிறார்கள். நூறு வயதைத் தாண்டிய ராணுவ ரைஃபிள் விஷயத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை கிடையாது. அளவு பொருந்துவது வேறு, சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தை அந்த எஃகு தாங்குவது வேறு.

★ இதற்குச் சரியான உதாரணம் அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட ‘டிராப்டோர்’ ஸ்பிரிங்ஃபீல்டு. அதன் தோட்டா .45-70. குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.45 அங்குலம், உள்ளே 70 கிரெயின், அதாவது சுமார் நாலரை கிராம் கருமருந்து. குதிரைப்படையின் குட்டை ரைஃபிளில் அந்த அளவு மருந்து தோளை அதிகமாக உதைத்ததால், அதே பித்தளை உறையில் 55 கிரெயின் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

இந்தத் தோட்டா வழக்கொழிந்து போகவில்லை என்பதுதான் சிக்கல். பெரிய விலங்குகளை வேட்டையாடுவோருக்காக அமெரிக்காவில் இன்றும் .45-70 தயாராகிறது. அந்நாட்டுத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் பொதுத் தரம் இதற்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. அந்த வரம்பு பழைய டிராப்டோரை மனத்தில் வைத்துப் போட்டது. ஆனால் புதிய, உறுதியான ரைஃபிள்களுக்கென்று அதே உறையில் இதைவிட வெகு அதிகமான மருந்தை அடைத்தும் விற்கிறார்கள். அதனால்தான் தோட்டா நிரப்புவோரின் கையேடுகளில் .45-70க்கு ஒரு அட்டவணை போதாமல் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன: டிராப்டோருக்கு ஒன்று, லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, மிக வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. மூன்றாவது அட்டவணைப்படி நிரப்பிய தோட்டா டிராப்டோரிலும் தடையில்லாமல் நுழையும். பெட்டியின் மேல் ‘நவீன ரைஃபிள்களுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருப்பதைப் படிக்காதவர், தம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிகுண்டை வைத்துக்கொள்கிறார்.

★ பிரிட்டனின் .303 தோட்டா பிறந்தபோது அதில் இருந்ததும் கருமருந்துதான். 1888-இல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளுக்காக அதை அழுத்தி அடைத்துக் கொடுத்தார்கள். கருமருந்தின் கரி ஒட்டாமல் இருக்க, குழலின் உள்ளே வெட்டும் சுருள் பள்ளங்களை ஆழம் குறைவாகவும் விளிம்பு மழுங்கலாகவும் அமைத்திருந்தார் வில்லியம் மெட்ஃபோர்டு. பிறகு கார்டைட் என்ற புகையற்ற மருந்து வந்தது. அது எரியும் சூட்டில் அந்த மென்மையான பள்ளங்கள் வேகமாகத் தேய்ந்தன. ஆழமான ஐந்து பள்ளங்களோடு 1895-இல் லீ-என்ஃபீல்டு வரவேண்டியதாயிற்று. மருந்து மாறியதால் குழலையே மாற்றினார்கள். பழைய மெட்ஃபோர்டு குழல் வைத்திருப்பவர் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டு, கிடைத்த .303-ஐ எல்லாம் அதில் போட்டுச் சுடாமல் இருப்பது நல்லது.

★ அந்தக் கார்டைட்டுக்கும் நம் நீலகிரிக்கும் தொடர்பு உண்டு. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்காக உருவானது. மலை ரயிலில் ஊட்டி போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்துதான் போகிறார்கள். கார்டைட் அடைத்த பழைய .303 தோட்டாவைப் பிரித்தால் உள்ளே தூள் இருக்காது. சேமியா போல நீளநீளமான இழைகள் கட்டாக இருக்கும். பார்க்கும் ஆசையில் யாரும் பிரிக்க வேண்டாம். கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் பல பத்தாண்டுகள் கிடந்த மருந்து எந்த நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

★ ஜெர்மனியின் 1888 மாடல் ரைஃபிளுக்கான குண்டின் விட்டம் 8.08 மில்லிமீட்டர். 1905 வாக்கில் வந்த கூர்முனை ‘எஸ்’ குண்டின் விட்டம் 8.20. வித்தியாசம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஒடுங்கிய குழலுக்குள் தடித்த குண்டு இறுகிக்கொண்டு போகும்போது பின்னால் அழுத்தம் எகிறும். மாற்றியமைத்த ரைஃபிள்களில் ‘எஸ்’ என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையை மட்டும் நம்பாமல் குழலை அளந்தே பார்க்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே அமெரிக்க நிறுவனங்கள் 8 மி.மீ. மவுசர் என்று அழைக்கப்படும் இந்த ஜெர்மன் தோட்டாவை வேண்டுமென்றே மென்மையாக, 35,000 பவுண்டு அழுத்தத்துக்குள் நிரப்புகின்றன. ஐரோப்பியத் தரத்தில் அதே தோட்டா 56,000 பவுண்டைத் தாண்டலாம். ஒரே பெயர் எழுதிய இரண்டு பெட்டிகள்; எந்தக் கண்டத்தில் தயாரானது என்பதையும் பார்த்து வாங்க வேண்டிய தோட்டா இது.

★ சுவிட்சர்லாந்தின் 1889 மாடல் ஷ்மிட்-ரூபினில் போல்ட்டைப் பூட்டும் முனைகள் பின்புறம் இருப்பதால் அது அதிக அழுத்தத்தைத் தாங்காது. 1911-இல் வந்த வலுவான ‘ஜிபி 11’ தோட்டா அந்த முதல் மாடலுக்கு உரியதே அல்ல. பின்னால் வந்த கே31 ரைஃபிளுக்கு அதுதான் சரியான தோட்டா.

★ ஆஸ்திரியாவின் 1895 மாடல் மான்லிகரில் சேம்பருக்கு மேலே பெரிதாக ‘எஸ்’ என்றோ ‘எச்’ என்றோ இருந்தால், 1930களில் அதை வேறு தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பொருள். எழுத்து இல்லாதது பெரும்பாலும் 8×50, எழுத்து உள்ளது 8×56. ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடக்கூடாது.

★ துப்பாக்கியைச் செய்தவர்களே இந்தப் பாடத்தைக் கடுமையான விலை கொடுத்துத்தான் கற்றார்கள். அமெரிக்காவின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு புகழ்பெற்ற ரைஃபிள். போல்ட் பொருந்தும் அதன் ரிசீவரைச் சூடாக்கிக் கடினப்படுத்தும்போது, எஃகின் செந்நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் சொன்னார்கள், அனுபவம் மிக்க தொழிலாளிகள். பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில் செந்நிறம் மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சுவார்கள். அப்படி அதிகம் காய்ந்த எஃகு நொறுங்கும் தன்மை அடைந்தது. 1917-இல், தரம் குறைந்த பித்தளை உறைகளும் சேர்ந்துகொள்ள, சில ரைஃபிள்கள் சுட்டவர் கையிலேயே சிதறின. பிறகுதான் உலையில் வெப்பமானியை வைத்தார்கள். 1918-இல் பதப்படுத்தும் முறையையே மாற்றினார்கள்.

ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ ஆயுத நிபுணர் இந்த விபத்துகளை ஒவ்வொன்றாகத் திரட்டிப் பதிவு செய்தார். அதன் பயனாக இன்று எல்லோருக்கும் தெரிந்த கோடு இதுதான்: ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் 285,507-க்குக் கீழும் வரிசை எண் உள்ள ரைஃபிள்களைச் சுடக்கூடாது. சிலர், மென்மையான தோட்டா போட்டால் பரவாயில்லை என்று வாதிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஃகு நொறுங்கக்கூடியதாக இருக்கும்போது பாதுகாப்பான தோட்டா என்று ஒன்று இல்லை. அவை கண்ணாடிப் பேழையில் இருக்க வேண்டியவை.

★ பிரான்சின் 1886 மாடல் லெபெல் ரைஃபிளில் எட்டுத் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடியில், அடி பட்டதும் பற்றும் பிரைமருக்கு அருகே, இடித்துக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு வந்தபோது அந்த மூக்கு பிரைமரைக் குத்திவிடாமல் இருக்க, தோட்டாவின் அடியில் பிரைமரைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் வைத்தார்கள். மூக்கு வழுக்கி அந்தப் பள்ளத்தில் விழும். எவ்வளவு நுட்பமான யோசனை! வேறு உறையை வெட்டித் தயாரித்த இன்றைய லெபெல் தோட்டாவில் அந்தப் பள்ளம் இல்லையென்றால், குழாயை நிரப்பவே கூடாது.

★ எல்லா ஆபத்தும் வெடித்துச் சிதறுவதாக வருவதில்லை. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். அது சமையல் உப்பின் உறவுக்காரன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரைக் காற்றில் ஓரிரு நாளிலேயே துரு தொடங்கிவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவினார்கள். நீர் ஊற்றி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகு எண்ணெய். இந்த வரிசை மாறக்கூடாது.

★ சில பழைய பிரைமர்களில் பாதரசமும் இருந்தது. அது குழலை விட்டுவிடும், பித்தளையைப் பிடித்துக்கொள்ளும். உறை நொறுங்கும் தன்மை அடைந்துவிடுவதால் அதை மறுபடி நிரப்பக்கூடாது.

★ லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளின் போல்ட் தலையில் 0, 1, 2, 3 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூட நீளமும் சிறிது கூடும். துப்பாக்கி தேயத் தேய அடுத்த எண்ணை மாட்டி, போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வார்கள். இடைவெளி கூடிப்போனால் சுடும்போது பித்தளை உறை இழுபட்டு, அடிப்பகுதி தனியே பிய்ந்துவிடும். தோட்டாவைத் தேடும் முன் இதை அளவுகோல் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

★ மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 1962 சீனப் போருக்குப் பிறகு தயாரித்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் தூரத்தில் பார்க்க .303 போலவே இருக்கும். அவற்றின் தோட்டா 7.62×51. அதற்காகவே வலுவான எஃகில் செய்தார்கள். இதைப் பார்த்து, சாதாரண .303-இன் குழலை மாற்றினால் 7.62 சுடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

★ இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் .315 ரைஃபிளும் லீ-என்ஃபீல்டின் குடும்பம்தான். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்பதால் அதற்கு வேறு தோட்டா கொடுத்தார்கள். அது மேலே சொன்ன ஆஸ்திரிய 8×50-இன் வழியில் வந்தது. தோற்றம் ஒன்றாக இருப்பதால் .303-ஐயும் .315-ஐயும் மாற்றிப் போட்டுப் பார்க்கும் விபரீதம் வேண்டாம்.

★ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘டி.பி.’ ரைஃபிள் நினைவிருக்கும். அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. டி.பி. முத்திரை இருந்தால் எந்தத் தோட்டாவும் அதற்குப் பாதுகாப்பானதல்ல. போர்க்கால ஜப்பான் பள்ளி மாணவர்களுக்காகச் செய்த பயிற்சி ரைஃபிள்களும் அப்படித்தான். வார்ப்பிரும்பில் செய்த அவை வெற்றுத் தோட்டா மட்டுமே தாங்கும். பார்ப்பதற்கு ஜப்பான் ராணுவத்தின் அசல் அரிசாகா ரைஃபிள் போலவே இருக்கும். பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேலில் கையால் செய்த மார்ட்டினி, லீ-என்ஃபீல்டு நகல்களில் அரச முத்திரைகூட அச்சாக இருக்கும். எஃகுக்குத்தான் எந்த உறுதியும் இல்லை.

★ சேம்பரின் உண்மையான அளவை அறிய ஒரு வழி இருக்கிறது. கொதிநீரைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ஓர் உலோகக் கலவையை உள்ளே ஊற்றி அச்செடுப்பார்கள். ஆறியதும் முதலில் கொஞ்சம் சுருங்கும், பிறகு மெல்ல விரிந்து ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அளவுக்கே வந்து நிற்கும். அப்போது அளந்தால், குழலின் மேல் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே எந்தத் தோட்டாவுக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் செய்ய வேண்டிய வேலை இது.

★ பழைய தோட்டா ‘டிக்’ என்று அடித்து, வெடிக்கவில்லையா? போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 வினாடி காத்திருக்க வேண்டும். பிரைமர் தாமதமாகப் பற்றுவதுண்டு. வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று போனால் இன்னும் மோசம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

★ தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் ரைஃபிளோடு நாலைந்து தோட்டாக்களும் கிடைத்தால், இரண்டும் ஒன்றாக இருந்ததாலேயே ஒன்றுக்கொன்று உரியவை என்று முடிவு கட்டாதீர்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம். தட்டிப் பார்க்காமல், பிரிக்காமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உரிமம் இருப்பவர்கள் முதலில் ஆர்மரரிடம் துப்பாக்கியைக் காட்டி, இது சுடத் தக்கதா, எந்தத் தோட்டா, எவ்வளவு அழுத்தம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை ரைஃபிள் பூட்டிய அலமாரியிலேயே இருக்கட்டும்.