தஞ்சையின் ராஜகோபால பீரங்கி

பீரங்கி, குண்டு என்றதும் அந்தமானில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது, 1942 முதல் 1945 வரை இங்கிருந்த ஜப்பானியர் கட்டிய பதுங்கு குழிகள்தான். ஆனால் உலகில் பெயர் சூட்டப்பட்டுப் புகழ்பெற்ற பெரும் பீரங்கிகளில் ஒன்று நம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பெரிய கோயிலைத் தரிசித்துவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்கள் பலரும் அதைப் பார்ப்பதில்லை. அதைப்பற்றிச் சில செய்திகளை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதன் பெயர் ராஜகோபால பீரங்கி. தஞ்சை நாயக்க மன்னர்கள் போற்றி வணங்கிய மன்னார்குடி ராஜகோபாலசுவாமியின் பெயர் அது. ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. நகரின் கிழக்கு வாயிலைக் காக்க, கீழவாசலில் ஓர் உயரமான மேட்டில் ஏற்றி வைத்தார்கள். அந்த இடத்துக்குப் பீரங்கி மேடு என்றே பெயர்.

நீளம் சுமார் 7.5 மீட்டர். வெளிவிட்டம் 93 செ.மீ., வாயின் உள்விட்டம் 63 செ.மீ. எடை ஏறக்குறைய 22 டன். 60 செ.மீ. விட்டமுள்ள கருங்கல் குண்டு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 கிலோ வருகிறது. மூன்று நெல் மூட்டைக்கு மேற்பட்ட எடை!

பீஜப்பூரில் உள்ள மாலிக்-இ-மைதான் இதைவிடப் பெரியது. 1549ல் செய்தது, 55 டன். ஆனால் அது வெண்கலத்தில் வார்த்தது. வெண்கலம் சுமார் 1000 டிகிரி வெப்பத்திலேயே உருகும், அச்சில் ஊற்றிவிடலாம். தேனிரும்பு உருக 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். துருத்தி ஊதும் மரக்கரி உலைக்கு அந்த வெப்பம் எட்டாது. உலையிலிருந்து கிடைப்பது பஞ்சு போன்ற இரும்புக் கட்டி. அதை அடித்து அடித்துக் கசடு நீக்கினால் சிறு சிறு பாளங்கள் தேறும். அப்படிப்பட்ட துண்டுகளிலிருந்து 22 டன் பீரங்கியை எப்படிச் செய்தார்கள்?

முதலில் 43 நீண்ட இரும்புப் பட்டைகளைப் பீப்பாய்ப் பலகைகள் போல வட்டமாக அடுக்கினார்கள். அவற்றின் மேல் 94 இரும்பு வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றையடுத்து ஒன்றாக மாட்டி, சம்மட்டியால் அடித்து இணைத்தார்கள். காய்ச்சிய வளையம் விரிந்திருக்கும். ஆறும்போது சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். கிராமத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ரயில் சக்கரத்தின் மேல் எஃகு வளையம் ஏற்றுவதும் இதே முறைதான். என் பணிக்காலத்தில் இதை எத்தனையோ முறை செய்திருக்கிறோம். ஆனால் எங்களிடம் பாரந்தூக்கியும் வெப்பமானியும் அளவுக்கருவிகளும் இருந்தன. அந்தக் கொல்லர்களுக்கு இரும்பின் நிறமே வெப்பமானி. செக்கச் சிவந்தால் வளைக்கலாம்; வெளுத்தால்தான் ஒட்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அந்த ஒட்டு வீண்.

டேனியர்கள் 1620ல் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். அதனால் இந்தப் பீரங்கி அவர்கள் உதவியால் உருவானது என்று சொல்வதுண்டு. எனக்கு இது பொருந்தவில்லை. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பட்டையும் வளையமுமாகப் பீரங்கி செய்தார்கள். எடின்பரோ கோட்டையில் உள்ள மான்ஸ் மெக் அப்படி 1449ல் செய்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் 1543லேயே வார்ப்பிரும்புப் பீரங்கி வந்துவிட்டது. 1620ல் ஐரோப்பியர் பெரும்பாலும் வார்ப்புப் பீரங்கியையே செய்தார்கள். இந்தியாவிலோ, அடித்துச் செய்யும் கலை உச்சத்தில் இருந்தது. வங்காளத்து விஷ்ணுபூரின் தல்மாதல் பீரங்கியும் அவ்வகைதான். ஆகவே இது நம் கொல்லர்களின் கைவேலை என்பதே என் முடிவு.

இங்கே கடற்காற்றில் நம் வீட்டு இரும்புக் கேட்டும் தகரக் கூரையும் சில மழைக்காலங்களில் அரித்துப் போகின்றன. அந்தப் பீரங்கியோ நானூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடந்தும் பெரிதாக அரிக்கவில்லை. தஞ்சையில் உப்புக் காற்று இல்லை என்பது ஒரு காரணம். மரக்கரியில் எடுத்த பழைய இரும்பின் தன்மை இன்னொன்று. டெல்லி இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம், இரும்பிலுள்ள பாஸ்பரஸ் மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது என்று விளக்கினார். தஞ்சைப் பீரங்கியை ஆராய்ந்தவரும் அவரே.

இவ்வளவு பெரிய பீரங்கி இருந்தும் 1673ல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையைப் பிடித்தது. விஜயராகவ நாயக்கர் மாண்டார். இத்தகைய பீரங்கியை எளிதில் திருப்ப முடியாது. மருந்து கெட்டித்துக் குண்டேற்றவே வெகு நேரமாகும். ஒரு கோட்டையைக் காக்க ஒரு பீரங்கி போதாது. நாயக்கர் ஆட்சி போயிற்று. கொல்லர்களின் வேலை நிற்கிறது.

முர்ஷிதாபாத்தின் ஜஹான் கோஷா பீரங்கியில், அதைச் செய்த ஜனார்தன் கர்மகாரின் பெயர் பொறித்திருக்கிறது. தஞ்சைப் பீரங்கியோடு நாம் கேட்பது தெய்வத்தின் பெயரும் மன்னரின் பெயரும்தான். உலைக்கு முன் நின்றவர்களை நினைக்க நமக்கு ஒரே வழி, அந்த வேலையை நேரில் பார்ப்பது. அடுத்த விடுமுறைக்குக் கப்பலேறி ஊருக்குப் போகும்போது, பெரிய கோயிலிலிருந்து கீழவாசலுக்கும் ஒரு நடை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அந்த வளையங்களை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.