கோப்பையும் தராசும்

வீட்டில் செய்த கேக் கல்லைப்போல் இறுகிவிட்டால், செய்தவரின் கையைத்தான் எல்லாரும் குறை கூறுகிறார்கள். "கைப்பக்குவம் போதாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். வெண்ணெயும் முட்டையும் வீணாயினவே என்ற வருத்தத்தோடு இந்தப் பழியும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் பல சமயங்களில் குற்றம் கையினுடையதன்று. மாவை அளந்த கோப்பையினுடையது.

கோப்பைக் கணக்கு அமெரிக்க தேசத்துச் சமையலறையின் சம்பிரதாயம். அங்கே பழைய பாக புஸ்தகங்களில் "ஒரு கிண்ணம் மாவு, முட்டையளவு வெண்ணெய்" என்றே எழுதி வந்தார்கள். எந்தக் கிண்ணம், எந்த முட்டை என்று கேட்பாரில்லை. பாஸ்டன் சமையற் கலாசாலைக்குத் தலைமை வகித்த ஃபானி ஃபார்மர் என்ற பெண்மணி, 1896-ஆம் வருஷம் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மாவைச் சலித்து, கரண்டியால் அளவுக் கோப்பையில் இட்டு, குலுக்காமல், கத்தியால் விளிம்போடு வழித்துவிட வேண்டும் என்பது அவர் விதி. பிரசுரகர்த்தர்களுக்கு அந்நூலில் நம்பிக்கையில்லை. முதற் பதிப்பின் 3,000 பிரதிகளுக்கு ஆன செலவை அவரே ஏற்க நேர்ந்தது. பின்னர் அது லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

விதி நல்லதே. ஆயினும் எல்லாரும் அதை ஒரேமாதிரி அநுசரிப்பதில்லை. கரண்டியால் மெதுவாக இட்ட மைதா மாவு ஒரு கோப்பைக்குச் சுமார் 120 கிராம் நிற்கும். அதே கோப்பையை டப்பாவுக்குள் அமுக்கி மொண்டால் 150 கிராம் வரை ஏறிவிடும். மூன்று கோப்பை மாவு வேண்டிய கேக்கில் இவ்விதம் 90 கிராம், அதாவது முக்கால் கோப்பை மாவு, ஒருவருக்கும் தெரியாமல் அதிகமாகிவிடுகிறது. பிறகு கேக் மிருதுவாக இருப்பது எங்ஙனம்?

"உழக்கால் அளந்த இட்லி கெடுவதில்லையே!" என்று நேயர்கள் கேட்கலாம். அரிசியும் உளுந்தும் அமுக்கினால் அடங்கும் பண்டங்களல்ல. இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளப்பதால், உழக்கு சிறிதானாலும் பெரிதானாலும் நாலுக்கு ஒன்று என்ற விகிதம் மாறுவதில்லை. தண்ணீரையோ பதம் பார்த்துத்தான் சேர்க்கிறோம். கேக் விஷயம் வேறு. முட்டையை எண்ணிப் போடுகிறோம். மாவைக் கோப்பையால் அளக்கிறோம். கோப்பை மாறினால் விகிதமே மாறிவிடுகிறது. கோப்பையும் தேசத்துக்குத் தேசம் மாறுவதுதான் வேடிக்கை! அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லி லிட்டர். ஆஸ்திரேலியக் கோப்பை 250. ஜப்பானியக் கோப்பை 200.

ஆகையால், கோப்பைக் கணக்கைக் கிராம் கணக்காக மாற்றி வைத்துக்கொள்வதே உத்தமம். அமெரிக்கக் கோப்பை ஒன்றுக்குத் தண்ணீர் 237 கிராம், மைதா 120, சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340, கோக்கோத் தூள் 85 என்று சுமாராகக் கொள்ளலாம். ஒரே கோப்பையில் தேனின் நிறை கோக்கோவைப்போல் நான்கு மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். எல்லாப் பண்டத்துக்கும் பொதுவாக ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பெருக்குவது எவ்வளவு பிசகு என்பது இதிலிருந்து விளங்கும்.

முதலில், புஸ்தகம் எந்தத் தேசத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள். புஸ்தகத்திலேயே கிராம் அளவு கொடுத்திருந்தால் அதையே கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேற்சொன்ன கணக்கின்படி நிறுத்து, கேக் நன்றாக அமைந்த அளவை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். பேக்கிங் பவுடர், சோடா உப்பு போன்றவற்றுக்கு மட்டும் தேக்கரண்டியே போதும். நாலைந்து கிராமை வீட்டுத் தராசு சரியாகக் காட்டாமற் போகலாம்.

அடுத்த முறை கேக் இறுகினால், செய்தவரைக் குறை கூறுமுன் மாவை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பக்குவத்தின்மேல் வீணாகச் சுமத்திய பழி அநேகமாக நீங்கிவிடும்.