கையடக்கக் கணினியின் முன்மாதிரிச் சுற்றுப்பலகையில் வழுவறிதலும் வழுநீக்கமும்: சிம்ப்யூட்டர் வடிவமைப்பும் தென்காசி – குற்றாலச் சாரல் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்

புதிதாக வடிவமைக்கப்பட்ட மின்னணுச் சுற்றுப்பலகைக்கு முதன்முறையாக மின்சாரம் கொடுத்து, அதனைப் படிப்படியாக இயங்கும் நிலைக்குக் கொண்டுவரும் பணி தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. இந்தியாவில் உருவான கையடக்கக் கணினியாகிய சிம்ப்யூட்டரின் வன்பொருள் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய பலகையைச் சோதிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி, குற்றாலம் பகுதிகளின் சாரல் காலத்து ஈரப்பதம் இச்சோதனைக்குச் சேர்க்கும் சிக்கலையும், இத்துறைக்குரிய தமிழ்ச் சொற்களின் தெளிவையும் இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்மாதிரி, சுற்றுப்பலகை, சிம்ப்யூட்டர், வழு, பழுது, ஈரக்கசிவு, சாரல்.

முன்னுரை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் இணைந்து 1999ஆம் ஆண்டில் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். அதன் முன்மாதிரி 2001 ஏப்ரல் 25 அன்று வெளியிடப்பட்டது. பிகோபேட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் உருவாக்கிய ‘அமிடா’ சிம்ப்யூட்டர் 2004 மார்ச் 26 அன்று சந்தைக்கு வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. எனினும் அத்திட்டத்தின் இரு கூறுகள் இன்றும் ஆய்வுக்குரியன. ஒன்று, ஒரு கருவியை ஊரார் பலரும் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்ற எண்ணம். ஒவ்வொருவருக்குமான விவரத்தை அவரவர் கையிலுள்ள நுண்ணறி அட்டை தாங்கும். மற்றொன்று, வன்பொருள் வடிவமைப்பையே பொது உரிமத்தின்கீழ்ப் பிறருக்கு வழங்கியமை.

முதற்கூறு சோதனையின் கடுமையைக் கூட்டுகிறது. தனி ஒருவரின் கருவி நின்றுபோனால் இழப்பு ஒருவருக்கு மட்டுமே. ஊராட்சி அலுவலகத்தில் உள்ள ஒரே கருவி நின்றால் இழப்பு ஊருக்கு. இரண்டாம் கூறு எழுத்தின் தேவையைக் கூட்டுகிறது. வரைபடம் கைக்குக் கிடைத்தாலும், அதன்படி செய்த பலகையை உயிர்ப்பிக்கும் முறை தெரியாதவருக்கு அவ்வுரிமத்தால் பயன் சிறிதே.

பழுதும் வழுவும்

வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றைச் செப்பனிடும் தொழில்நுட்பர்கள் நம் ஊர்களில் பலர் உள்ளனர். அவர்களின் பணி ‘பழுதுபார்த்தல்’. பழுது என்ற சொல்லில் ஒரு முன்நிலை அடங்கியுள்ளது: அக்கருவி ஒருகாலத்தில் சரியாக இயங்கியது. ஆகவே வடிவமைப்பு சரி என்று கொண்டு, கெட்டுப்போன உறுப்பை மட்டும் தேடினால் போதும். முன்மாதிரிப் பலகைக்கு அத்தகைய கடந்தகாலம் இல்லை. வரைபடத்தில் தவறு இருக்கலாம். பலகை அச்சானதில் குறை இருக்கலாம். உறுப்பு திசைமாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். மென்பொருளே தவறாக இருக்கலாம். இவை ஒன்றையொன்று மறைக்கவும் கூடும்.

இதனைக் குறிக்க ‘வழு’ என்ற இலக்கணச் சொல் பொருத்தமாக அமைகிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை எழுவகையாக நன்னூல் பகுக்கும். வழுவை இனம்பிரித்த பின்னரே அது விலக்கத்தக்கதா, வழுவமைதியாக ஏற்கத்தக்கதா என்று முடிவு செய்ய இயலும். சுற்றுப்பலகைக்கும் இது பொருந்தும். செயலி உற்பத்தியாளர்கள் தம் சில்லுகளில் அறியப்பட்ட குறைகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தவிர்க்கும் மாற்றுவழிகளையும் வெளியிடுவர். சில்லைத் திருத்த இயலாத நிலையில் மென்பொருளால் குறையைச் சமாளிப்பது வழுவமைதியே. பலகையில் தவறிய இணைப்புக்கு மெல்லிய கம்பியை ஒட்டுவதும் அத்தகையதே. ஆனால் அடுத்த பதிப்பின் வரைபடத்தில் அது திருத்தப்பட வேண்டும்.

ஒரே வடிவில் ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகளைச் செய்வதன் பயனும் இங்கே விளங்கும். ஐந்து பலகைகளில் ஒன்றில் மட்டும் தோன்றும் வழு பெரும்பாலும் பற்றவைப்பைச் சார்ந்தது. ஐந்திலும் ஒரே இடத்தில் தோன்றுவது பெரும்பாலும் வடிவமைப்பைச் சார்ந்தது.

சோதனையின் படிநிலைகள்

சிம்ப்யூட்டரின் மையம் 206 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 செயலி. அதனைச் சுற்றி நினைவகம், மின்வழங்கி, 320 × 240 புள்ளிகள் கொண்ட தொடுதிரை, நுண்ணறி அட்டைப் பொருத்துவாய், யூஎஸ்பி இணைப்பு ஆகியன அமைந்தன. இத்தகைய பலகையைச் சோதிப்பதில் அடிப்படை விதி ஒன்றே: ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படிகளில் உறுதிசெய்யப்பட்டவற்றை மட்டுமே நம்ப வேண்டும்.

முதற்படி மின்சாரம் இல்லாத சோதனை. உருப்பெருக்கியின்கீழ் உறுப்புகளின் திசை, பற்றாசின் தன்மை ஆகியவற்றைப் பார்த்தபின், ஒவ்வொரு மின்வழங்கு தடத்துக்கும் நிலத்தடத்துக்கும் இடையிலான மின்தடையைப் பல்லளவி கொண்டு அளக்க வேண்டும். அது ஏறத்தாழ சுழி ஓமாக இருந்தால் எங்கோ ‘ஷார்ட்’ உள்ளது. மின்சாரம் கொடுத்தல் கூடாது.

இரண்டாம் படி, மின்னோட்ட வரம்பு வைக்கப்பட்ட மின்வழங்கியிலிருந்து மின்சாரம் கொடுத்தல். எஸ்ஏ-1110 செயலியின் உட்கருவுக்கு இரண்டு வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தமும் அதன் வெளி இணைப்புகளுக்கு 3.3 வோல்ட்டும் தேவை. ஒவ்வொன்றும் குறித்த அளவில், குறித்த வரிசையில் எழுகிறதா என்பதை அலைவுகாட்டியில் பார்க்க வேண்டும். வரம்பை மீறி மின்னோட்டம் இழுக்கப்பட்டால், சூடாகும் உறுப்பு பெரும்பாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி துடிப்பும் மீளமைவும். இச்செயலிக்கு 3.6864 மெகாஹெர்ட்ஸ், 32.768 கிலோஹெர்ட்ஸ் என இரு படிகங்கள் உண்டு. அலைவுகாட்டியின் ஆய்முனையும் ஏறத்தாழ 10 பிகோஃபாரட் மின்தேக்கத்தைச் சுற்றில் சேர்க்கும். மெல்லிய ஆற்றலில் அதிரும் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம் இச்சுமையாலேயே நின்றுவிடக்கூடும். அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றுகிறது என்பதை உணராதவர், நல்ல படிகத்தைப் பெயர்த்தெடுப்பர்.

நான்காம் படி எல்லை வருடல். எஸ்ஏ-1110 செயலியின் 256 இணைப்புகளும் அதன் அடிப்பகுதியில் பற்றாசு உருண்டைகளாக மறைந்துள்ளன; அவற்றை ஆய்முனை தொட இயலாது. இவ்வகைச் சிக்கலுக்காகவே 1985இல் கூடிய ஜேடேக் குழுவின் முயற்சி, 1990இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரமாக உருப்பெற்றது. நான்கு கம்பிகள் வழியாகச் சில்லின் ஒவ்வோர் இணைப்பையும் உயர்நிலைக்கோ தாழ்நிலைக்கோ கொண்டுசென்று, மறுமுனையில் அது சென்றடைந்ததா என்று கேட்டறியலாம். செயலியில் நிரல் எதுவும் இயங்கத் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு.

ஐந்தாம் படி நினைவகம். எல்லா இடங்களிலும் ஒரே எண்ணை எழுதிப் படித்துச் சரியென்று முடிவு செய்வது பெருந்தவறு. முகவரிக் கம்பி ஒன்று அறுந்திருந்தால் இரு முகவரிகள் ஒரே அறையைச் சுட்டும். எனினும் எங்கும் ஒரே எண் இருப்பதால் சோதனை வெற்றி என்றே காட்டும். ஆகவே முதலில் தரவுக் கம்பிகளைச் சோதிக்க வேண்டும்: ஒரே இடத்தில் 1, 2, 4, 8 என ஒரு கம்பியை மட்டும் உயர்த்தும் எண்களை வரிசையாக எழுதிப் படித்தல். 16 எழுதியபோது 48 வந்தால், 16க்குரிய கம்பியும் 32க்குரிய கம்பியும் ஒட்டியுள்ளன என ஐயுறலாம். பின்னர் முகவரிக் கம்பிகள்: 0 மற்றும் இரண்டின் அடுக்குகளாகிய முகவரிகளில் வெவ்வேறு எண்களை எழுதி, ஒன்று மற்றொன்றை அழிக்கிறதா எனக் காணல். 32 மெகாபைட் என்பது இரண்டின் 25ஆம் அடுக்கு. ஆதலால் சோதிக்க வேண்டிய இடங்கள் மிகச் சிலவே. இவ்விரண்டும் தேறிய பின்னரே முழு நினைவகச் சோதனைக்குப் பொருள் உண்டு.

இவற்றின்பின் தொடர்வாயில் முதல் எழுத்து தோன்றும். அதன்பின் லினக்ஸ், திரை, தொடுபரப்பு, அட்டைப் பொருத்துவாய் என ஒவ்வொன்றாக இணைக்கப்படும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதனையும் அதன் விளைவையும் குறிப்பேட்டில் பதிவது எல்லாப் படிக்கும் பொது.

சாரல் சூழலும் ஈரக்கசிவும்

மேலைத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுவதால், சூன் முதல் ஆகத்து வரை குற்றாலம், செங்கோட்டை, தென்காசிப் பகுதிகளில் சாரல் விழுகிறது. அருவிகளுக்கு நீர் தரும் இதே ஈரக்காற்று, குளிரூட்டப்பட்ட ஆய்வகத்தில் தேறிய பலகைக்குப் புதிய தேர்வை வைக்கிறது.

பற்றவைப்பின்போது பயன்படும் இளக்கியின் எச்சம் உலர்ந்த நிலையில் பெரிதும் மின்கடத்தாது. ஈரத்தை உறிஞ்சியதும் மெல்லிய மின்கடத்தியாக மாறக்கூடும். கையடக்கக் கருவியில் இது ஏன் பெரிதாகிறது என்பதை எளிய கணக்கால் காட்டலாம். மின்கலனைச் சிக்கனப்படுத்த, ஒரு விழிப்புக் கம்பியை 100 கிலோஓம் மின்தடையம் வழியாக 3.3 வோல்ட்டில் நிறுத்தியிருப்பதாகக் கொள்வோம். அக்கம்பிக்கும் நிலத்தடத்துக்கும் இடையே ஈரக்கசிவு மற்றொரு 100 கிலோஓம் ஆனால், மின்னழுத்தம் பாதியாகி 1.65 வோல்ட்டில் நிற்கும். அது உயர்நிலையும் அன்று, தாழ்நிலையும் அன்று. கருவி காரணமின்றி விழிக்கும் அல்லது விழிக்க மறுக்கும். வெயில் ஏறியதும் வழு மறைந்துவிடும்.

மின்கலன் கணக்கும் இதனைச் சார்ந்ததே. 1,000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலன், உறக்கநிலையில் 1 மில்லிஆம்பியர் இழுத்தால் 1,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 41 நாள் தாங்கும். பொய்விழிப்புகளால் சராசரி 10 மில்லிஆம்பியர் ஆனால் நான்கு நாளில் தீர்ந்துவிடும். பயன்படுத்துவோர் மின்கலனைக் குறைகூறுவர். வழுவோ பலகையின் பரப்பில் இருக்கும்.

ஈரம் நீடித்தால் மேலும் ஒரு தீங்கு விளையும். மின்னழுத்த வேறுபாடுள்ள இரு தடங்களுக்கிடையே நேர்முனையின் உலோகம் கரைந்து, எதிர்முனையில் படிந்து, மரக்கிளை போல் வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும்.

இத்தகைய வழுவை இடங்காண, ஐயத்துக்குரிய பகுதியை மட்டும் மிதமான வெந்காற்றால் உலர்த்திப் பார்க்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் அப்பகுதியைக் கழுவி உலர்த்தி மீண்டும் ஈரக்காற்றில் வைக்கலாம். கழுவியபின் வழு திரும்பாவிடில் எச்சமே காரணம் எனலாம். உலர்த்தியதும் மறைந்து, கழுவிய பின்னும் திரும்பினால் வேறிடத்தை ஆராய வேண்டும். தீர்வாகப் பலகைக்குக் காப்புப்பூச்சு இடுவதுண்டு. ஆயின் கழுவாமல் பூசினால் எச்சம் பூச்சினடியில் சிறைப்படும். அட்டைப் பொருத்துவாயின் தொடுமுனைகளில் பூச்சுப் படிதலும் கூடாது.

தொழிற்சாலைகள் 85 பாகை செல்சியசு, 85 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட கூடத்தில் நெடுநேரம் சோதிப்பர். குற்றாலத்துச் சாரல் அக்கூடத்துக்கு ஈடாகாது. அதன் அளவுகள் நம் கட்டுப்பாட்டில் இல்லை. எனினும் மக்கள் கருவியைப் பயன்படுத்தும் உண்மைச் சூழல் அதுவே. குளிரறையிலிருந்து வெளியே எடுத்ததும் பலகைமீது பனிக்கும் நீர்த்துளியைக் கூடத்தின் நிலையான ஈரப்பதம் காட்டாது; தென்காசியின் தெரு காட்டும்.

கலைச்சொல் குறித்துச் சில

பணிமேசையில் வழங்கும் சொற்கள் ‘ஷார்ட்’, ‘ஓப்பன்’, ‘டிரை சால்டர்’, ‘லூஸ் கான்டாக்ட்’ என்பன. இவற்றை முற்றும் விலக்கி எழுதும் கையேடு தொழில்நுட்பரைச் சென்றடையாது. இவற்றை மட்டுமே வைத்து எழுதுவது காரணங்களை வேறுபடுத்திக் காட்டாது. ‘ஷார்ட்’ என்ற ஒரே சொல்லால் பற்றாசு ஒட்டியதையும், ஈரக்கசிவையும், சில்லின் உட்சிதைவையும் குறிப்பர். மூன்றுக்கும் தீர்வு வேறு. ஆகவே வழங்குசொல்லை நிகழ்வின் பெயராகவும், பற்றாசு ஒட்டு, ஈரக்கசிவு, உட்சிதைவு போன்ற தமிழ்ச் சொற்களைக் காரணத்தின் பெயராகவும் கொள்ளலாம்.

முடிவுரை

முன்மாதிரிப் பலகையைச் சோதித்தல், பழுதுபார்த்தலினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. வடிவமைப்பு சரி என்ற முன்முடிவு அதற்கு இல்லை. உறுதிசெய்யப்பட்டதன்மீது மட்டுமே அடுத்த படியைக் கட்டுதல் அதன் ஒழுங்கு. ஈரச்சூழலில் தோன்றி மறையும் வழு, உலர்ந்த ஆய்வகத்தில் இல்லாததுபோல் தோன்றும். பயன்படும் நிலத்திலேயே சோதித்தல் அதனால் தேவையாகிறது. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குவது, மென்பொருள் பணிக்குப் பெருநகரம் இன்றியமையாதது அன்று என்பதைக் காட்டியுள்ளது. இங்கு விளக்கிய சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பல்லளவி, மின்னோட்ட வரம்புள்ள மின்வழங்கி, அலைவுகாட்டி, ஜேடேக் இணைப்பி, குறிப்பேடு ஆகியன போதும். இவை ஒரு மாவட்டக் கல்லூரியின் ஆய்வகத்துக்கு எட்டாதவை அல்ல. எட்டாமல் இருப்பது, இவற்றை எவ்வரிசையில், எக்காரணத்தால் பயன்படுத்துவது என்பதை மாணவர் தம் மொழியில் கற்பதற்குரிய நூல். அதனை எழுதுதல் தமிழாய்வுக்கும் மின்னணுவியலுக்கும் பொதுவான கடமை.